கரண்ட் ஒயர்ல நெட்டா? முதல்ல ஃபேஸைப் பாரு!

மாடி ரூம்ல நெட் வரலைன்னு நீ புலம்புறது புதுசில்ல. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நாம வீடு கட்டுற முறையே வைஃபைக்கு எதிரி. கீழ ஒரு போர்ஷன், மேல ஒரு போர்ஷன், நடுவுல கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம், சுத்தி ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர். ஃபைபர் போட வர்ற தம்பி, கேபிள் எந்த ஜன்னல் வழியா உள்ள வருதோ அங்கேயே பாக்ஸை மாட்டிட்டுப் போயிடறார். அது அநேகமா வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல. நீ மேல பின்பக்க ரூம்ல உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்ல பேசினா குரல் விட்டு விட்டுத்தான் கேட்கும்.

கடைக்காரர் "பவர்லைன் அடாப்டர் போடுங்க மேடம், ப்ளக்ல சொருகினா போதும், இருக்கிற கரண்ட் ஒயர்லயே நெட் வரும்"னு சொல்லியிருக்கார். பொய் இல்ல, வரும். ஆனா காசை எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்கு எத்தனை ஃபேஸ், எந்த ரூம் எந்த ஃபேஸ்ல இருக்குன்னு பார்த்துடு. அதைப் பார்க்காம வாங்கினவங்கதான் "இது சரியில்லப்பா"ன்னு பரண்ல தூக்கிப் போட்டிருக்காங்க.

சமாச்சாரம் இதுதான். ரெண்டு டப்பா வரும். ஒண்ணை ரவுட்டர் பக்கத்து ப்ளக்ல சொருகி, சின்ன லான் கேபிளால ரவுட்டரோட சேர்க்கணும். இன்னொண்ணை மாடி ரூம் ப்ளக்ல சொருகி, அதுல இருந்து லேப்டாப்புக்கோ டிவிக்கோ கேபிள் எடுக்கணும். வைஃபையே விடுற மாடலும் இருக்கு. வீட்டு ஒயர்ல ஓடுற 230 வோல்ட் கரண்ட் செகண்டுக்கு 50 தடவை ஏறி இறங்குது. இந்த டப்பா அதே ஒயர் மேல, 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது செகண்டுக்கு லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல துடிக்கிற ஒரு சின்ன சிக்னலை ஏத்தி விடுது. புது மாடல் சிலது 86 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். அந்தப் பக்க டப்பா கரண்டைத் தள்ளிட்டு சிக்னலை மட்டும் பிரிச்சு எடுத்துக்கும். நம்ம பழைய வீட்டுல பிஎஸ்என்எல் போன் ஒயர்லயே பிராட்பேண்டும் வந்துச்சே, நடுவுல ஒரு ஸ்ப்ளிட்டர் தொங்குமே, அதே வேலைதான்.

இபிக்காரங்களுக்கு இது பழைய சங்கதி. செல்போனுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு சப்ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு சப்ஸ்டேஷனுக்கு ஹை டென்ஷன் லைன் மேலயேதான் பேசிக்கிட்டாங்க. பவர்லைன் கேரியர்னு பேரு. 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலையில பேச்சும் போகும், லைன்ல கோளாறுன்னா எதிர்ப்பக்க பிரேக்கரை விழ வைக்கிற கட்டளையும் போகும். பழைய, திறந்தவெளி சப்ஸ்டேஷன் வேலிக்கு வெளியில நின்னு பார்த்தா, லைன் உள்ள வர்ற இடத்துல பெரிய பீப்பாய் மாதிரி ஒரு காயில் தெரியும். வேவ் ட்ராப்ம்பாங்க. கரண்டை விட்டுட்டு சிக்னலை மட்டும் மறிக்கிற வேலை அதுக்கு. இப்போ டவர் உச்சியில போற எர்த் ஒயருக்குள்ளயே ஃபைபர் வெச்சு இழுத்துடறாங்க, அதனால இந்தப் பீப்பாய்க்கு மவுசு குறைஞ்சிடுச்சு.

இனி ஃபேஸ். இங்கதான் நிதானமா கேட்கணும் நீ.

மீட்டர் முகப்பைப் பாரு. சிங்கிள் ஃபேஸ்னு போட்டிருந்தா பாதிக் கவலை விட்டுச்சு, வீடு முழுக்க ஒரே லைன். 3 ஃபேஸ் 4 ஒயர்னு இருந்தா, உன் வீட்டுக்குள்ள மூணு தனி லைன் வருது, நியூட்ரல் மட்டும் பொது. ஏசி, போர் மோட்டார், கீசர்னு சேர்ந்ததும் நம்ம ஏரியாவுல நிறையப் பேர் த்ரீ ஃபேஸ்தான் வாங்குறாங்க. எலெக்ட்ரீஷியன் லோடைப் பிரிக்கிறப்போ வழக்கமா கீழ்த்தளத்துக்கு ஒரு ஃபேஸ், மாடிக்கு ஒண்ணு, ஏசிக்கும் மோட்டாருக்கும் ஒண்ணுன்னு கொடுத்துடுவார். லோடுக்கு அது சரி, உன் அடாப்டருக்குத்தான் சங்கடம். ஒரு டப்பா ஒரு ஃபேஸ்லயும் இன்னொண்ணு வேற ஃபேஸ்லயும் இருந்தா, நடுவுல லைன் ஒயர் நேரடியா சேரவே சேராது. ஒரே பைப்புக்குள்ள ஒயருங்க ஒட்டி ஓடுறதால சிக்னல் கொஞ்சம் தாவும். அதை நம்பி சிலருக்கு மெயில் பார்க்கிற அளவு ஓடும், சிலருக்கு டப்பாவுல இணைப்பு லைட்டே எரியாது.

எந்த ரூம் எந்த ஃபேஸ்னு கண்டுபிடிக்க எம்சிபி விசையெல்லாம் இருக்கிற டிபி பாக்ஸைக் கழட்ட வேண்டாம். நம்ம ஊர்ல அதுக்கு இலவசமா ஒரு டெஸ்ட் அடிக்கடி நடக்குது. தெருவுல ஒரு ஃபேஸ் போனா "பாதி வீட்டுக்கு கரண்ட் இருக்கு, பாதிக்கு இல்ல"ன்னு கத்துவோம்ல, அந்த நேரம் மின்னகம் நம்பர் 94987 94987-க்கு போன் போட்டுட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு ரூம் ரூமா போ. சின்ன டேபிள் லேம்ப்பை ஒவ்வொரு ப்ளக்லயும் சொருகிப் பாரு. எரியாத ப்ளக் எல்லாம் ஒரே ஃபேஸ். அடுத்த தடவை வேற ஃபேஸ் போகும், அதையும் எழுதிக்கோ. காத்திருக்க முடியாதுன்னா, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு எம்சிபியை ஒவ்வொண்ணா கீழ தள்ளி எந்த ப்ளக் செத்துப்போகுதுன்னு பாரு. எந்த எம்சிபி எந்த ஃபேஸ்ல இருந்து வருதுங்கிறதை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சிவப்பு, மஞ்சள், நீலம்னு மார்க்கர்ல எழுதித் தரச் சொல்லு. நீ கை வைக்கிறது எம்சிபி விசையில மட்டும்தான். மூடியைத் திறக்காத. மீட்டர் சீல் பக்கம் போகவே போகாத.

உன் வீட்டுல ஃபேஸ் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருந்தா ஒரு வேடிக்கை நடக்கும். 1, 2, 3-ன்னு எழுதின குமிழ் வெச்ச அந்த சுவிட்ச்தான். இது வரைக்கும் ஒழுங்கா ஓடின மாடி நெட் ஒரு சாயங்காலம் திடீர்னு படுத்துடும். ரவுட்டரை அணைச்சுப் போடுவே, கஸ்டமர் கேரைத் திட்டுவே. நடந்தது என்னன்னா, மதியம் ஒரு ஃபேஸ் போனதும் அத்தை மாடிக் குமிழை 2-ல இருந்து 3-க்குத் திருப்பியிருப்பாங்க. கரண்ட் வந்தப்புறம் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்திருப்பாங்க. ஃபேஸ் மாறினதும் உன் ரெண்டு டப்பாவும் பிரிஞ்சுபோச்சு. இதுவே தலைகீழாவும் நடக்கும், வராத நெட் வரும். அதனால மாடி நெட் நின்னா முதல்ல குமிழைப் பாரு, அப்புறம் ரவுட்டர்.

இன்னொரு வழி இருக்கு, இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இன்வெர்ட்டர் லைன். இன்வெர்ட்டருக்கு ஒரே ஒரு ஃபேஸ்ல இருந்துதான் இன்புட் எடுப்பாங்க. அதுல இருந்து வெளிய வர்ற ஒயர் கீழ மேலன்னு வீடு முழுக்க லைட், ஃபேனுக்கு ஓடும். பெரும்பாலான வீட்டுல சுவிட்ச் போர்டுல லைட் சுவிட்ச் பக்கத்துல இருக்கிற சின்ன 5 ஆம்ப் ப்ளக் அந்த லைன்லதான் இருக்கும். கரண்ட் கட்டானப்போ எந்த ப்ளக்ல போன் சார்ஜ் ஏறுதோ அது இன்வெர்ட்டர் ப்ளக். கீழ ஒண்ணு, மேல ஒண்ணு அப்படி ரெண்டு ப்ளக் கிடைச்சா ஃபேஸ் தகராறே கிடையாது. ஃபைபர் பாக்ஸ், ரவுட்டரையும் அதே லைன்ல விட்டா கரண்ட் போனாலும் மீட்டிங் நிக்காது. ரெண்டு விஷயம் மட்டும் கவனி. ஒரு டப்பா இன்வெர்ட்டர் லைன்லயும் ஒண்ணு நேர் லைன்லயும் இருந்தா, சிக்னல் இன்வெர்ட்டருக்குள்ள புகுந்து வெளிய வரணும். அங்கேயே பாதி உயிர் போயிடும், கரண்ட் கட்டானா சுத்தமா அறுந்துடும். அடுத்தது, பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் பேட்டரியில ஓடுறப்போ லைன்ல நிறைய இரைச்சல் விடும், ஸ்பீடு குறையும். சைன் வேவ் இன்வெர்ட்டர்ல அந்தத் தொல்லை கம்மி.

மாடி போர்ஷனுக்கு தனி மீட்டர், தனி சர்வீஸ்னா ஆசையை விட்டுடு. சிக்னல் கீழ் மீட்டரைத் தாண்டி, மேல் மீட்டரைத் தாண்டிப் போய்ச் சேர்றதுக்குள்ள வேலைக்கு ஆகுற அளவு மிஞ்சாது.

சொருகுற இடம். சுவர் ப்ளக்ல நேரா சொருகணும். ஸ்பைக் பஸ்டர், யுபிஎஸ், ஸ்டெபிலைசர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவுல வரக்கூடாது. வேண்டாத அதிர்வை வடிகட்டத்தான் ஸ்பைக் பஸ்டரையே வாங்குறோம். அதுக்கு உன் நெட் சிக்னலும் வேண்டாத அதிர்வுதான். ஒரே ஒரு ப்ளக்தான் இருக்குன்னா, முகத்துலயே ஒரு சாக்கெட் வெச்ச அடாப்டரா பார்த்து வாங்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அந்த சாக்கெட்ல சொருகலாம், உள்ள இருக்கிற ஃபில்டர் மத்த சாமானோட இரைச்சலைத் தடுத்துடும்.

கண்காட்சியில, பஸ் ஸ்டாண்ட்ல "பவர் சேவர், கரண்ட் பில் பாதியாகும்"னு ஒரு சின்ன டப்பா விக்கிறாங்களே, அத்தை ஆசைப்பட்டு வாங்கி ஹால் ப்ளக்ல சொருகி வெச்சிருந்தா மரியாதையா கழட்டிடு. உள்ள பெரும்பாலும் ஒரு கெபாசிட்டர், ஒரு எல்இடி லைட், அவ்வளவுதான். வீட்டு மீட்டர்ல அதனால பில் குறையாது. அதோட அந்த கெபாசிட்டர் லைன்ல ஓடுற நெட் சிக்னலை அப்படியே குடிச்சிடும்.

இரைச்சல் விடுற இன்னொரு ஆள் மிக்ஸி. அதோட மோட்டார்ல கார்பன் பிரஷ் உரசி உரசிப் பொறி பறக்கும். ஜார் மாட்டுற இடத்துக்குக் கீழ, காத்துப் போற ஓட்டை வழியா இருட்டுல பார்த்தா நீல நிறத்துல மினுக்கும். அந்த ஒவ்வொரு பொறியும் லைன்ல ஒரு வெடி. சட்னி அரைக்கிற நேரம் வீடியோ உறைஞ்சு நின்னா காரணம் அதுதான். வெட் கிரைண்டர்ல அந்த பிரஷ் கிடையாது, அதனால அவ்வளவு தொல்லை பண்ணாது. ரோட்டோரம் வாங்கின விலை குறைஞ்ச சார்ஜர், மட்டமான எல்இடி பல்ப், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இதெல்லாம் சத்தமில்லாம நாள் பூரா இரைச்சல் விடும். அம்பத்தூர் எஸ்டேட் ஒட்டின தெருவுல, ஒரே டிரான்ஸ்ஃபார்மர்ல வெல்டிங் பட்டறையும் இருந்தா அதோட பங்கும் கொஞ்சம் வரும். அதை நீ ஒண்ணும் பண்ண முடியாது. லூஸ் ப்ளக்கை மட்டும் விட்டு வைக்காத. சொருகினதும் ஆடுற ப்ளக், தொட்டா சூடா இருக்கிற ப்ளக் ரெண்டையும் உடனே மாத்து. நெட்டுக்காக இல்ல, தீப்பிடிக்கும்.

பெட்டி மேல 600, 1000, 2000-ன்னு போட்டிருக்கிற நம்பரை நம்பி மயங்காத. அது ரெண்டு பக்கப் போக்குவரத்தையும் கூட்டி, ஆய்வுக்கூட ஒயர்ல வர்ற கணக்கு. இந்த டப்பாங்களுக்கான ஹோம்ப்ளக் தரம் 2001-ல முதல்ல வந்தப்போ அதுக்கு 14 எம்பிபிஎஸ், 2005-ல வந்ததுக்கு 200 எம்பிபிஎஸ்னு போட்டாங்க. அப்பவே வீட்டுல கிடைச்சது அதுல ஒரு பங்குதான், இன்னிக்கும் அதே கதை. 600-ன்னு போட்ட பல மாடல்ல லான் துளை 100 எம்பிபிஎஸ் வகை, அதுக்கு மேல ஒரு சொட்டு வராது. அதனால கிகாபிட் போர்ட் இருக்கான்னு கேளு. உனக்குத் தேவை வீடியோ மீட்டிங்கும் ஒரு டிவியும்னா, ஆடாம அசையாம முப்பது நாப்பது எம்பிபிஎஸ் வந்தாலே தாராளம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் காலையில வீடு அமைதியா இருக்கிறப்போ ஸ்பீடு பாரு, மிக்ஸி ஓடுறப்போ பாரு, ராத்திரி ஏசி, டிவி எல்லாம் ஓடுறப்போவும் பாரு. லேப்டாப்பை கேபிள்ல மாட்டிப் பார்க்கணும், வைஃபையில பார்த்தா குழப்பிடும்.

மாட்டின அன்னிக்கே 'பேர்' (Pair) பட்டனை அமுக்கிடு. முதல் டப்பாவுல அமுக்கி, ரெண்டு நிமிஷத்துக்குள்ள அடுத்ததுல அமுக்கணும். கம்பெனியில இருந்து வர்றப்போ ஹோம்ப்ளக் டப்பா எல்லாத்துக்கும் ஒரே பொதுப் பேர்தான் இருக்கும். அயப்பாக்கம் ஹவுசிங் போர்டு மாதிரி, பத்து வீட்டு மீட்டரும் படிக்கட்டுக்குக் கீழ ஒரே பலகையில இருக்கிற ஃப்ளாட்ல சிக்னல் மீட்டரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஒயர் வரைக்கும் கசியலாம். பட்டனை அமுக்கினா உன் ரெண்டு டப்பாவுக்கும் தனி ரகசியச் சாவி உண்டாகும், 128 பிட் பூட்டு. அப்புறம் பக்கத்து வீட்டுல அதே டப்பா வாங்கினாலும் உன் நெட்ல நுழைய முடியாது.

"அப்போ இபிக்காரங்களே கம்பத்து ஒயர்ல நெட் கொடுத்துடலாமே"ன்னு உன் பையன் கேட்பான். கொடுத்துப் பார்த்தாச்சு. அமெரிக்காவுல மனாசஸ்ங்கிற ஊர்ல 2005-ல ஊர் முழுக்க அப்படிக் கொடுத்து, 2010-ல நிறுத்திட்டாங்க. டிரான்ஸ்ஃபார்மரை சிக்னல் தாண்டாது, சுத்தி வளைச்சு விடணும். மூடாத ஒயர் நீளமா தொங்குறதால ஆன்டெனா மாதிரி அலையைக் கக்கி ஹாம் ரேடியோக்காரங்களைத் தொந்தரவு பண்ணும். அதுக்குள்ள ஃபைபர் வந்து பந்தயத்தை முடிச்சிடுச்சு. நம்ம தெரு இபி கம்பத்துலயும் ஃபைபர்தான் தொங்குது, கம்பம் மட்டும்தான் இபியோடது. ஆனா மீட்டர் ரீடிங் மாதிரி சின்னச் சின்ன சேதிக்கு கரண்ட் ஒயர் ரொம்பப் பொருத்தம். இத்தாலியில 2001-ல இருந்து எனெல் கம்பெனி மூணு கோடிக்கும் மேல வீட்டு மீட்டரை அப்படித்தான் படிச்சுது. நம்ம தி.நகர்ல முதல்ல போட்டுப் பார்த்த ஸ்மார்ட் மீட்டர் உன் வீட்டுக்கும் வந்தா உன் அடாப்டருக்கு இடைஞ்சலான்னு பயப்படாத. மீட்டர் கரண்ட் ஒயர்லயே பேசுற வகையா இருந்தாலும் 500 கிலோஹெர்ட்ஸுக்குள்ள பேசும், உன் டப்பா 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல.

இவ்வளவும் சொன்னாலும், சொந்த வீடா இருந்து சுவர்ல துளை போட மனசு இருந்தா நான் லான் கேபிளுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பழைய டெலிபோன் ஒயரோ கேபிள் டிவி ஒயரோ போன பைப் காலியா கிடந்தா, அதுலயே கேட் 6 கேபிளை இழுத்து விடலாம். கரண்ட் ஒயர் போற பைப்புல மட்டும் சேர்த்து இழுக்க விடாத. அதுக்கும் முன்னாடி செலவில்லாத வேலை ஒண்ணு: ரவுட்டரை செருப்பு ஸ்டாண்டுல இருந்து எடுத்து மாடிப்படி பக்கம் வை. படிக்கட்டு ஓட்டைதான் கான்கிரீட் இல்லாத ஒரே வழி, பாதிப் பேருக்கு அதுலயே சரியாயிடும். பவர்லைன் டப்பா ஜெயிக்கிற இடம், ஆணி அடிக்கக்கூட ஹவுஸ் ஓனர் விடாத வாடகை வீடு, கேட்டோரம் மாட்டின கேமரா, பின்கட்டு ரூம் டிவி. இந்த மூணுக்கும் நல்லா உழைக்கும்.

மழைக்காலத்துல கொஞ்சம் பார்த்துக்கோ. சுவர் ஓதம் ஏறின ப்ளக்ல சொருகாத. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ கொரட்டூர், பூந்தமல்லிப் பக்கமெல்லாம் தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, தரையோரம் இருக்கிற ப்ளக்தான் முதல்ல முழுகும். கீழ் டப்பாவை மேசை உயர ப்ளக்ல வை. ஸ்பைக் பஸ்டர் போடக்கூடாதுன்னு சொன்னேன்ல, அதனால இந்த டப்பாவுக்குக் காவல் கிடையாது. இடி இடிக்க ஆரம்பிச்சா ரெண்டையும் கழட்டி வெச்சுடு. இல்லேன்னா எலெக்ட்ரீஷியனைக் கேட்டு டிபியிலயே சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டுக்கோ.

எங்க வாங்கினாலும், வேலை செய்யலேன்னா திருப்பி எடுத்துப்பாங்களான்னு கேட்டு பில்லோட வாங்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு ரூபா கம்மியா கிடைக்கலாம், ஆனா உன் வீட்டு ஒயரிங்ல ஓடுமான்னு சொருகிப் பார்க்காம எந்தக் கடைக்காரராலயும் சொல்ல முடியாது. சிங்கப்பூர்ல இருந்து அண்ணன் கொண்டு வரேன்னு சொன்னா, அங்கயும் 230 வோல்ட்தான், கரண்ட் ஒத்துக்கும். ஆனா அவங்க ப்ளக் பின் பட்டையா இருக்கும், நம்ம உருண்டை ஓட்டைக்குச் சேராது. மல்டி ப்ளக் நடுவுல வெச்சு சொருகினா ஆடும், ஆடினா சூடாகும், ஸ்பீடும் விழும். அமெரிக்காவுல இருந்து வர்றதுன்னா லேபிள்ல 100 முதல் 240 வோல்ட்னு இருக்கான்னு பார்த்துட்டு சொருகு. வெறும் 120-ன்னு இருந்தா சொருகவே சொருகாத, புகைஞ்சுடும்.